ஆறு செம்பும் ஒரு பாறைக்குழியும்

பாலக்காட்டில் நான் வந்து இறங்கிய அன்று மழை. ஈப்போக்காரிக்கு மழை புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர் மழை மாலையில் வரும், ஒரு மூச்சுக் கொட்டும், போய்விடும். இங்கே விடியலில் தொடங்கியது, நான் பசியாறி, குடை வாங்கி, அது முதல் காற்றிலேயே மல்லாந்து, இன்னொரு குடை வாங்கிய பிறகும் ஓயவில்லை. இரண்டாவது குடையை விற்றபோது கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஊர் விட்டு வந்தால் எனக்கு எல்லாமே பிடித்துத் தொலைக்கும்.

வந்த காரியம் இரண்டு. ஒன்று, ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. மலேசியாவில் நான் அறவியல் பாடம் நடத்துகிறவள். இயற்கைக்குத் தன்னளவில் மதிப்பு உண்டா, உண்டென்றால் அது மனிதனைக் கட்டுப்படுத்துமா என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னொன்று, ஜெசிந்தாவின் புது வீட்டு மந்திரிப்பு.

ஜெசிந்தா ஈப்போவில் நர்ஸாக இருந்தவள். எங்கள் வீட்டு மாடியறையில் பல வருஷம் குடியிருந்தாள். இடுக்கியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பிறந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். சம்பாதித்ததை எல்லாம் ஊருக்கு அனுப்பி, பூப்பாறைக்குக் கீழே ஏலக்காய்ச் சரிவு ஒன்றில் வீடு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகு விருந்து.

போனில் சொல்லிவிட்டாள்: "அக்கா, தனியா பஸ் ஏறி முழிக்காதீங்க. விசேஷத்துக்கு பிரியாணி போட பாலக்காட்டுல இருந்து மீரான் பாய் வாராரு. அவரு வண்டியிலயே ஏறிருங்க. ரெண்டு செலவு ஒரு செலவாப் போகும்."

கருத்தரங்கில் நான் போட்ட போடு இதுதான். மலைக்கும் மரத்துக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். மனிதன் என்று ஒருவன் இல்லாவிட்டாலும் அந்த மதிப்பு இருக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அதனால் எனக்கு என்ன? நிலாவின் மறுபக்கத்தில் அற்புதமான பாறை ஒன்று இருக்கலாம். அதற்கு நான் என்ன கடன்பட்டேன்? மதிப்பு வேறு, கடமை வேறு. கடமை என்றால் கேட்க ஒரு வாயும் பதில் சொல்ல ஒரு வாயும் வேண்டும். மலைக்கு வாய் இல்லை.

நல்ல கைதட்டல். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் மட்டும் புளிப்பு மாங்காய் கடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கினால், கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பியும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நாந்தானுங்க மீரான். கொழிஞ்சாம்பாறையில பாத்திரக்கடை வெச்சிருக்கறேன். உங்களைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன், பேச்சு நல்லா இருந்துச்சு, அப்படியே உக்காந்துட்டேனுங்க."

"எப்படி இருந்தது?"

"மலைக்கு வாய் இல்லைன்னீங்களே, அது நல்லா இருந்துச்சுங்க. பிரியாணிக்கும் வாய் இல்லீங்க. ஆனா உப்புக் கம்மியானா சொல்லீருமுங்க."

இவரோடு ஒரு நாள் முழுக்க வண்டியில் போகவேண்டும் என்று நினைத்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மறுநாள் காலை புறப்பட்டோம். வண்டியின் பின்னால் ஆறு செம்பு. நம் ஊர் ஆட்கள் செம்பு என்றால் தண்ணீர் குடிக்கும் சின்னப் பாத்திரம் என்று நினைப்பார்கள். இது அண்டா, இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். கயிறு கட்டியும் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கோயில் மணிபோலச் சத்தம் போட்டன. வழியில் டீக்கு நிறுத்திய இடங்களில் எல்லாம் என்ன விசேஷம், எங்கே விசேஷம் என்று விசாரித்தார்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தையே முகநூலில்தான் தெரிந்துகொள்கிறோம்.

சின்னாறு காட்டுக்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நடு ரோட்டில் ஒரு நட்சத்திர ஆமை. ஓட்டில் மஞ்சள் கோடு போட்டு, யாரோ உட்கார்ந்து வரைந்ததுபோல இருந்தது. அது பாதி தூரம் வந்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இரண்டு கார், எல்லாம் ஹாரன். எதிர்த் திசையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த வனக்காவலர் இறங்கி, யாரும் அதைத் தொடக்கூடாது, தொட்டால் கேஸ் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, தானும் தொடாமல் கைகட்டி நின்றார். பாய் எஞ்சினை அணைத்தார்.

"டீச்சர், நேத்து கடன் ஒண்ணும் இல்லைன்னீங்கல்லோ. இப்ப எதுக்குங்க நிக்கறோம்?"

"சட்டத்துக்குப் பயந்து."

"அவரு வர்றதுக்கு முந்தியே நான் பிரேக் அடிச்சுட்டனுங்களே?"

"அது பழக்கம், பாய்."

"பழக்கம் எங்கிருந்துங்க வருது?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆமை ஒருவழியாக முடிவுக்கு வந்து ரோட்டைக் கடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் கருத்தரங்குக் கைதட்டலைவிட அது சத்தமாக இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சும் கொட்டகையில் நிறுத்தி, சூடு ஆறாத வெல்ல உருண்டை வாங்கினோம். எங்கள் ஊரில் குலா மலாக்கா என்ற பனைவெல்லம் உண்டு. அதைவிட ஒசந்தது உலகத்தில் இல்லை என்று இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். இந்த உருண்டையில் லேசாக ஓர் உப்புக் கரிப்பு. இரண்டு உருண்டை தின்றேன். பல் ஒட்டிக்கொண்டதால் மூணாறு தாண்டும்வரை பாய் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஜெசிந்தாவின் வீட்டுக்குக் கடைசிப் பகுதி வண்டி போகாது. ஒற்றையடி ஏற்றம். கீழே ஒரு கூட்டம் காத்திருந்தது. லயத்து ஆண்களும் பெண்களும் ஒவ்வொரு செம்பையும் மூங்கில் கம்பில் கட்டி, பல்லக்குத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மழைத் தூறலில், ஏலச்செடிகளுக்கு நடுவில், ஆறு அண்டா ஊர்வலம். நான் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒரு காலில் அட்டை கடித்ததுகூடத் தெரியாமல் ஏறினேன்.

வாசலில் ஜெசிந்தா கட்டிக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு ஒரு கல்லு, ஒரு மூட்டை வண்டியில வரலக்கா. இந்த ஆளுகதான் சொமந்தாங்க. ஒரு பைசா வாங்கல. மந்திரிப்பு அன்னைக்கு பாலக்காட்டு பிரியாணி போடுதேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் இவ்வளவு தூரத்துல இருந்து பாயைக் கூப்பிட்டது."

அன்று சாயங்காலமே கீழே எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திங்கட்கிழமை வரை எந்த வண்டியும் வராது என்று தகவல் வந்தது. நல்லவேளையாக அரிசியும் கறிக்கான ஆடுகளும் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன. பக்கத்து ஊரான ராஜகுமாரியில் ஒரு கடையில் சொல்லி வைத்திருந்த தண்ணீர் டேங்க் மட்டும் கடையிலேயே மாட்டிக்கொண்டது. டேங்க் இல்லாவிட்டால் என்ன என்று ஜெசிந்தா கையை வீசினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வரும் வழியைக் காட்ட அவள் புருஷன் மரியதாஸ் என்னை மேலே கூட்டிப்போனார். இந்த மலையில் வீடுகளுக்குத் தண்ணீர் வரும் விதமே தனி. ஓடைப் பாறையில் ஒரு குழியைப் பார்த்து, கறுப்பு ஓஸ் குழாயின் வாயை அதற்குள் வைத்து, மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். மற்றதைச் சரிவு பார்த்துக்கொள்ளும். வீட்டில் தொட்டியும் இல்லை, குழாயை மூடுகிற வழக்கமும் இல்லை. தண்ணீர் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஈப்போவில் குழாய் சொட்டினால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே சத்தம் நின்றால்தான் ஆட்கள் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பார்களாம்.

குழிக்குமேல் பாறையில் தண்ணீர் மெல்லிய துணிபோல வழிந்தது. அந்தத் துணிக்குள் என்னவோ கறுப்பாக அப்பியிருந்தது. பாசி என்று நினைத்தேன். பாசி வாலை ஆட்டியது.

தலைப்பிரட்டைகள். கணக்கில்லாமல். வாயையே பாறையில் ஒட்டிக்கொண்டு, அவ்வளவு வேகமாக ஓடும் தண்ணீரில் அசையாமல் நின்றன. விரலால் ஒன்றைத் தொட்டேன். பிடியை விடவில்லை. குழிக்குள்ளும் அதுதான், கீழே வழிகிற பாறையிலும் அதுதான்.

"பாதாளத் தவளைக் குஞ்சு அக்கா. பெரிய தவளையை நீங்க பாத்துருக்க மாட்டீங்க. யாருமே பாக்க முடியாது. ஊதா கலரு, ஊதின பலூன் மாதிரி ஒடம்பு, மூக்கு மட்டும் கூரா இருக்கும். கோடை மழை பேஞ்சதும் மேல வரும், முட்டை போடும், மறுபடி மண்ணுக்குள்ள போயிரும். வருஷம் பூரா உள்ளதான்."

"உள்ளே என்ன செய்யும்?"

"கறையான் திங்கும். வேற என்ன சோலி அதுக்கு? வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒண்ணு கெடச்சுது. அது என்னைப் பாத்த பார்வை இருக்கே, நாந்தான் அது வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி." சிரித்தார். "சின்னதுல இந்தக் குஞ்சுகளை வறுத்தும் தின்னுருக்கோம். பொய் சொல்லக்கூடாதுல்லா."

நான் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழகு என்று சொல்ல முடியாது. பாட்டும் கிடையாது, தேனும் கிடையாது. வருஷம் முழுக்கத் தன்னைக் காட்டாமல் பூமிக்குள் இருந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கிற ஓர் உயிரின் அத்தனை பிள்ளைகளும் என் முழங்காலுக்கு எதிரே வரிசையாக ஒட்டியிருந்தன. என்னைக் கேட்டு அவை இருக்கவில்லை. எனக்காகவும் இருக்கவில்லை. சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிட்டேன். மரியதாஸ் அட்டை கடித்துவிட்டது என்று நினைத்து உப்பை எடுத்தார்.

திரும்பி வந்தபோது வாசலில் பிந்து உட்கார்ந்திருந்தாள். ஆஷா ஒர்க்கர், பஞ்சாயத்துச் சார்பில் வீடு வீடாகப் போய் உடம்பு, சுகாதாரம் விசாரிக்கிற மலையாளப் பெண். மடியில் பிளீச்சிங் பவுடர் பொட்டலம், பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானை. அடுத்த வார்டில் இரண்டு வீட்டில் மஞ்சள் காமாலை. விருந்து நடக்கிற வீடு என்றால் தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே மருந்து போட்டாக வேண்டும். பவுடரையும் மணலையும் கலந்து பானையில் இட்டு, பாறைக்குழிக்குள் இறக்கினால் ஞாயிறு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்று விளக்கினாள்.

ஜெசிந்தா நர்ஸ். ஆஸ்பத்திரியில் காமாலைக்காரர்களைப் பார்த்தவள். "இப்பவே போட்டுருவோம்" என்று எழுந்தாள்.

"அதைப் போட்டால் அந்தக் குஞ்சுகள்?" என்றேன்.

மரியதாஸ்தான் பதில் சொன்னார். "மேல் லயத்துல ஒருக்கப் போட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் ஓடையில மீன்குஞ்சு பூரா செத்து மெதந்துச்சு."

பிறகு கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம். தண்ணீரைப் பிடித்து வைத்து, பிடித்த தண்ணீரில் மருந்து போடலாமே என்றேன். எதில் பிடிப்பது? டேங்க் ராஜகுமாரியில். லயத்தில் நீல டிரம் இருபது இருக்கிறது. எல்லாம் ஏலச்செடிக்கு மருந்தடித்த டிரம், அதில் தண்ணீர் வைத்தால் காமாலை தேவலாம் என்று ஆகிவிடும். வாடகைப் பாத்திரம் மண்சரிவுக்கு அந்தப் பக்கம். கொதிக்க வைக்கலாமே? குடிக்கிறதுக்குச் சரி, முந்நூறு பேர் கை கழுவவும் இலை கழுவவும் வெங்காயம் அரியவும் எவ்வளவு கொதிக்க வைப்பது?

பிந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தவளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை சேச்சி. ஆனால் நாளை பத்துப் பேர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான்."

என் கண் தானாக முற்றத்துக்குப் போனது. அங்கே ஆறு செம்பும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"டீச்சர் எதைப் பாக்கறீங்கன்னு தெரியுதுங்க" என்றார் மீரான் பாய். "வேண்டாமுங்க."

"ஐந்தில் தண்ணீர் பிடித்து வைத்தால் போதும் பாய்."

"அஞ்சு போனா மிச்சம் ஒண்ணு. ஒரு செம்புல முந்நூறு பேருக்கு தம் போட முடியாதுங்க. கப்பைக்கிழங்கும் கறியும் கிண்டலாம். நாலு தடவை கிண்டி நாலு தடவை தட்டலாம். பிரியாணி ஆகாதுங்க."

ஜெசிந்தா என்னையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "கப்பையை இவங்க தெனம் திங்காங்க. நாலு வருஷமா நாஞ்சொன்ன வார்த்தை அக்கா அது. சிமெண்டு மூட்டை சொமந்தது யாரு, தவளையா?"

என் கருத்தரங்குப் பேச்சையே அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். சுமந்தவர்களுக்கு வாய் இருக்கிறது, வாக்குக் கொடுத்தவளுக்கும் வாய் இருக்கிறது. அது கடன். பாறையில் ஒட்டியிருப்பது எதுவும் யாருக்கும் எதையும் சுமக்கவில்லை. என் கணக்குப்படி பானையைக் குழிக்குள் இறக்கிவிட்டுக் கை கழுவலாம். நான் கட்டன்சாயாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

நிலாப் பாறை உதாரணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிலாவில் இருக்கும் பாறையிடம் எனக்குக் கடமை இல்லை, சரி. ஏன் இல்லை? அதற்கு வாய் இல்லாததாலா, என் கை அதற்கு எட்டாததாலா? இந்த மலையிலேயே நான் பார்க்காத எத்தனையோ ஓடைகள் இருக்கும். அங்கே இருக்கிற குஞ்சுகளின் மதிப்பும் இதே மதிப்புதான். அவற்றுக்காக என் தூக்கம் கெடவில்லை. இவற்றுக்காகக் கெடப்போகிறது. பவுடர் பொட்டலம் இந்த வீட்டு வாசலில் இருக்கிறது, பாறைக்குழிக்கு வழி எங்கள் காலுக்குத் தெரியும். மதிப்பு மட்டும் தனியாக வந்து யார் கையையும் பிடிப்பதில்லை. ஆனால் நம் கை அதன்மேல் போய்விட்டால், பிறகு அது வெறும் மதிப்பு அல்ல.

இவ்வளவு வந்தும் ஜெசிந்தாவின் கேள்வி அப்படியே நின்றது. இரண்டு கடன். எதைத் தீர்ப்பது? அப்போது ஒன்று தோன்றியது. டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"ஜெசிந்தா, மூட்டை சுமந்தவர்களிடம் போய், 'பிரியாணியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்க முடியுமா, முடியாதா?"

"கேக்கலாம். மானம் போகும்."

"தலைப்பிரட்டையிடம் கேட்க முடியுமா? 'இந்த ஒரு தடவை விட்டுக்கொடு' என்று?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மனுஷரிடம் பட்ட கடனை மனுஷர் மன்னிக்கலாம். அதற்குத்தான் அவர்களுக்கு வாய். வாய் இல்லாததிடம் பட்ட கடனை யார் மன்னிப்பது? மன்னிக்க ஆள் இல்லாத கடனை முதலில் பார்க்க வேண்டாமா?" வாய் இல்லாததால் கடன் இல்லை என்று பாலக்காட்டில் சொன்னேனே, அதே வாய் இல்லாத காரணம்தான் இங்கே திரும்பி நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

ஜெசிந்தா உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "அவங்க மாட்டோம்னு சொன்னா?"

"அப்போது நீ பிரியாணி போடவேண்டியதுதான். நான் வாய் திறக்க மாட்டேன்."

அன்று முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிந்துவிடம் மட்டும், நாளை வரை பானையை இறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை பெரட்டுக்களத்துக்குப் போனோம். வேலைக்குப் போகுமுன் தொழிலாளிகள் கூடி ஆள்கணக்குக் கொடுக்கும் இடம். ஜெசிந்தா கூட்டத்துக்கு நடுவில் நின்று, தண்ணீர், காமாலை, குஞ்சு, செம்பு எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வாக்கு மாறலை. நீங்க வேணும்னா நாளைக்கே பிரியாணி. கேக்க மட்டும் செய்யுதேன்."

முதலில் சிரிப்பு. "தவளைக்கு மந்திரிப்பா, ஒனக்கு மந்திரிப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் குஞ்சால் என்ன பிரயோசனம் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் ஜெசிந்தா. மருந்துக்காவது ஆகுமா? ஆகாது. அப்புறம் ஒரு சலசலப்பு. கிறிஸ்மஸுக்கு பிரியாணி, கூட முட்டையும் வேண்டும் என்று ஒரு பக்கம் பேரம். கப்பை பிரியாணியும் பிரியாணிதானே என்று இன்னொரு பக்கம். வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

ராயப்பன். எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர், வலது முழங்கால் வளையாது. கூட்டத்தின் ஓரத்தில் குடையை ஊன்றி நின்றார்.

"நா விட மாட்டேன். இந்தக் காலோட மூணு மூட்டை ஏத்துனேன். பிரியாணின்னு சொன்ன, பிரியாணி வேணும். எனக்கும் தவளைக்கும் என்ன சம்மந்தம்?"

நாலு பேர் அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஜெசிந்தா தடுத்தாள். "அவரு கேக்கது நியாயம். மாமா, ஒங்களுக்கு பிரியாணி உண்டு."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஆனால் அவர் சொன்னதில் பிசகு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. மன்னிக்க உரிமை உள்ளவனுக்கு மன்னிக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. என் வாதத்திலேயே அது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஐந்து செம்பிலும் மருந்து போட்ட தண்ணீர். பிந்து ஒவ்வொன்றையும் சோதித்து மூடி போட்டாள். ஆறாவதில் கப்பையும் எலும்புக்கறியும் கொதித்தது. பாய் அதை மரியதாஸிடம் விட்டுவிட்டு, பின்கட்டில் வீட்டுப் பாத்திரம் ஒன்றை அடுப்பேற்றி முகத்தை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"முந்நூறு பேருக்கு ஆக்கறது சுலபமுங்க டீச்சர். ஒருத்தருக்கு ஆக்கறதுதான் கஷ்டம். தப்புப் பண்ணுனா ஒளிக்க எடமில்லீங்க."

மண்சரிவை நடந்தே தாண்டி வந்த சாமியார் ஒவ்வொரு அறையாக மந்திரித்தார். விருந்து தொடங்கியது. கப்பையை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் மரவள்ளி இதற்குப் பக்கத்தில் வராது. ராயப்பன் புது வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். ஜெசிந்தாவே இலை போட்டு பிரியாணி பரிமாறினாள். வாசனை பந்தல் முழுக்கப் போனது. அத்தனை கண்ணும் அவர் இலைமேல்தான். மனிதர் அசரவில்லை. நிதானமாக, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்து, "இப்ப நமக்குள்ள தீந்துச்சு" என்றார். அவள் கைகூப்பினாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

நான் கூட்டத்திலிருந்து நழுவி மேலே பாறைக்குழிக்குப் போனேன். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கொஞ்ச நேரத்தில் பின்னால் குடை ஊன்றும் சத்தம். ராயப்பன், வளையாத காலை இழுத்துக்கொண்டு, நெய் வடியும் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கை கழுவ கீழ வரிசையில நிக்க முடியல. ஆயுசுக்கும் நா இங்கனதான் கழுவுதேன்" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. விட்டுக்கொடுக்காதவர் விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன் என்று ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தேனே. அவர் குடையில் சாய்ந்து குனிந்து, கையைக் குழிக்குள் நீட்டினார். அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. பாறையில் ஒட்டியிருந்த கறுப்பு வால்கள் ஓட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒருவேளை எண்ணினாரோ என்னவோ.

"இதுகதானா?"

"ஆமாம்."

அவர் மெல்ல நிமிர்ந்தார். மஞ்சளும் நெய்யுமான கையை வேட்டியில் துடைத்தார், முன்பக்கம், பின்பக்கம், விரல் இடுக்கு வரைக்கும். புது வெள்ளை வேட்டி தொடையில் பூராவும் மஞ்சளாகிவிட்டது. பிறகு குடையை ஊன்றிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஜெசிந்தாட்ட சொல்லப்பிடாது, கேட்டியளா."